எட்டாவது ஆளும் முந்நூற்று முப்பத்து மூன்றும்

எட்டாவது ஆள் உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் செத்துப்போகும். 1986-இல் ஈப்போவில் ஒரு தோட்ட நிர்வாக ஆபீசில் இதுதான் பெரிய பேச்சு. அந்த எட்டாவது ஆள் முத்தம்மா.

ஏழு கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள், ஏழு திரைகளில் தட்டிக்கொண்டிருக்கும்வரை குளிரறையில் மெஷின் சாதுவாக ஓடும். முத்தம்மா கடைசியாக வந்து தன் பெயரைத் தட்டினாளோ இல்லையோ, எல்லாத் திரையும் நின்றுவிடும். உள்ளே ஒரு நீளத் தாளில் ‘பேனிக்’ என்று அச்சடித்துவிட்டு மெஷின் படுத்துவிடும். மெஷினே பதறினால் மனுஷன் பதற மாட்டானா?

மேனேஜர் கதிரவேலு யாழ்ப்பாணத்துக்காரர். பஞ்சாங்கம் பாராமல் பேனாவுக்கு மைகூட நிரப்பமாட்டார்.

“பிள்ளை, குறை நினையாதையும். எட்டு சனியின்ர எண். நீர் பாகான் டத்தோ ஆபீசுக்குப் போறதுதான் எல்லாருக்கும் நல்லது.”

பாகான் டத்தோ தினம் போய்வர முடியாத தூரம். புருஷன் பழனியப்பன் லாரியோட்டி, வாரக்கணக்கில் வெளியூர். மகள் இப்போதுதான் ஒன்றாம் வகுப்பு. இவள் அங்கே போய்விட்டால் பிள்ளையை யார் பார்ப்பது?

“சார், நாளைக்கு நான் லீவு போடுறேன். என் எடத்துல வேற ஆளு உக்காரட்டும், பாப்போம் லா.”

மறுநாள் பியூன் ராஜு உட்கார்ந்தான். மெஷின் படுத்தது.

“அவன் உம்மட கதிரையிலதானே இருந்தவன்,” என்றார் கதிரவேலு.

நாற்காலியை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு ராஜு நின்றுகொண்டே தட்டினான். அப்போதும் படுத்தது. நாற்காலியின் தோஷம் தரையில் இறங்கிவிட்டதாம்! இந்த மனிதரிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று முத்தம்மா அந்த நீளத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு படித்தாள்.

மெஷின் கிளம்பும்போதெல்லாம் மொத்த மெமரி எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று அதில் அச்சாகியிருந்தது. ஆயிரத்தைந்நூற்றுச் சொச்சம் கிலோபைட்டில் பாதிக்கு மேல் முதலிலேயே செலவாகியிருந்தது. டிஸ்க்கிலிருந்து எடுத்ததைப் போட்டுவைக்கும் ‘பஃபர்’ மட்டும் 888, ஒன்றுக்கு ஒரு கிலோபைட். மிச்சம் ஏழு பேருக்குத்தான் காணும்.

மெஷினைப் பொருத்திய லோவைக் கூப்பிட்டு, பஃபர் ஏன் 888 என்று கேட்டாள். லோ தோட்டத்தில் வளர்ந்த சீனர், தமிழ் சரளமாக வரும்.

“எட்டுன்னா அதிர்ஷ்டம் லா, அக்கா! மூணு எட்டு போட்டிருக்கேன்!”

“நானூறு போதும், லோ.”

“நாலு தா போலே, கூடவே கூடாது! அது சாவு நம்பரு.”

“முந்நூத்தம்பது?”

கதிரவேலு விரல்விட்டுக் கூட்டினார். “மூண்டும் அஞ்சும் எட்டு. ஏலாது.”

மெமரிக்கு அளவு வைக்கிறார்களா, பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்களா என்று ஆகிவிட்டது. மத்தியானச் சாப்பாடுவரை இழுத்தடித்து, 333 என்றதும் இருவரும் தலையாட்டினார்கள். லோ எண்ணை மாற்றி மெஷினைக் கிளப்பினார். எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். ஐந்து மணிவரை மெஷின் ஒரு முறைகூடப் படுக்கவில்லை. முத்தம்மாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அடுத்த நாள் காலை கதிரவேலு முகமெல்லாம் சிரிப்பாக வந்து ஒரு கடிதத்தை நீட்டினார்.

“பிள்ளை, உம்மட ராசியே ராசி! பாகான் டத்தோவிலயும் மெஷின் படுக்குதாம். நீர் அங்க போய் இருந்தாச் சரிவரும்.”

முத்தம்மா வாங்கிப் பார்த்தாள். கெட்ட ராசிக்காகப் போன வாரமே டைப் அடித்து வைத்த இடமாற்றக் கடிதம். தேதியைக்கூட மாற்றவில்லை.