திங்கட்கிழமைச் சூலம்

நீரஜாவுக்கு இன்டர்மீடியட் பிசிக்ஸில் எல்லாம் வரும். டிஸ்டன்ஸும் டிஸ்ப்ளேஸ்மென்டும் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போன வருஷம் வாய்மொழிப் பரீட்சையில், "மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றி வந்து, புறப்பட்ட படியிலேயே நின்றால் உன் டிஸ்ப்ளேஸ்மென்ட் எவ்வளவு?" என்று கேட்டார்கள். "ஒரு பிரதட்சிணம்" என்றாள். அவர்கள் சிரித்த சிரிப்பில் அப்புறம் கேட்ட எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. பெயில்.

'பொண்ணுக்குப் படிச்சது போதும்' என்று வீடு ஏகமனதாகத் தீர்மானம் போட இருந்தபோது, எதிர்த்தவர் பெரியப்பா ராஜகோபாலன் ஒருவர்தான். ரிடையர்டு சப்ரிஜிஸ்திரார். கீரைக்காரியிடம் பேசினாலும் பத்திரம் பதிகிற குரலில்தான் பேசுவார். "இன்னும் ஒரே ஒரு தரம். அப்பவும் தேறலேன்னா நான் வாயே திறக்கமாட்டேன்" என்றார். இதில் பின்பாதி வீட்டில் பலருக்குப் பிடித்திருந்தது.

அந்த ஒரு தரம் திங்கட்கிழமையில் வந்து விழுந்தது. கல்லூரி கடற்கரைச் சாலையில். மயிலாப்பூருக்குக் கிழக்கே, நடந்தே போய்விடலாம். ஆனால் திங்கட்கிழமை கிழக்கே சூலம். அந்தத் திக்கில் கிளம்பினால் போன காரியம் உருப்படாது.

"ஏன்னா, ஒரு வாய் தயிர் சாப்ட்டுட்டுக் கிளம்பினாப் போறாதோ? ஊரெல்லாம் அதானே பண்றது?" என்றாள் பெரியம்மா ஜானு.

"தயிரைக் குடுத்து சமாதானம் பண்ணிக்கறதெல்லாம் ஊருக்கு. நான் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். மேற்கேதான் கிளம்பணும்."

யுத்த காலம், பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரிப்புகையில் இருமிக்கொண்டிருந்தன. பீர் முஹம்மதுவின் ஜட்கா வந்தது.

"மேற்கே விடுப்பா."

"இன்னா சாமி, சமுத்திரம் அந்தாண்ட கீது. இப்டிக்கா போனா மாம்பலம்தான் வரும்."

"எனக்குத் தெரியும். விடு."

"கேட்டுக்கினியா குல்ஷன்? பீச்சுக்கு மாம்பலம் வழியா" என்று பீர் முஹம்மது குதிரையிடம் முறையிட்டான்.

வண்டி லஸ் தாண்டி, மௌப்ரீஸ் ரோட்டில் வடக்கே ஏறி, கதீட்ரல் ரோடு முனைக்கு வந்தது. அங்கேதான் சட்டம் இடித்தது. கிழக்கே திரும்பாமல் கடற்கரைக்குப் போக எந்தச் சர்க்காரும் ரோடு போட்டிருக்கவில்லை. பெரியப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு வண்டியின் பின்பக்கம் நகர்ந்து, காலைத் தொங்கப்போட்டு, வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"நீயும் இப்படித் திரும்பிக்கோடி. குதிரை கிழக்கே போறது, அது அதோட தலையெழுத்து. நாம மேற்கே பார்த்துண்டுதானே இருக்கோம்?"

"எறங்கறப்போ மூஞ்சி எந்தப் பக்கம்னு சொல்லிடு சாமி, அப்டியே நிறுத்தறேன்" என்றான் பீர் முஹம்மது.

நீரஜாவுக்கு அழுகை முட்டியது. பரீட்சை ஆரம்பித்திருக்கும். பின்னால் ஓடும் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, எங்கிருந்தோ ஒரு கோடு தென்பட்டது. வீட்டு வாசலிலிருந்து கல்லூரி வாசலுக்கு, நேராக. அந்தக் கோடு லஸ்ஸைச் சட்டை பண்ணவில்லை. மௌப்ரீஸ் ரோட்டைச் சட்டை பண்ணவில்லை. பெரியப்பா எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று கேட்கவுமில்லை. வண்டி எத்தனை ஊர் சுற்றினாலும் அது அதே நீளம், அதே கிழக்கு. அப்படியானால் குளம்? புறப்பட்ட படியும் சேர்ந்த படியும் ஒன்று. கோடு போட இடமே இல்லை. டிஸ்ப்ளேஸ்மென்ட் சைபர்!

"குல்ஷனைக் கொஞ்சம் விரட்டுங்கோ!" என்று கத்தினாள்.

மூச்சிரைக்க உள்ளே போய் நின்றபோது, பரீட்சகர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"வீடு எங்கே?"

"மயிலாப்பூர், சார்."

"கூப்பிட்டாக் கேக்கற இடம். இதுக்கா இவ்வளவு நேரம்?"

"டிஸ்ப்ளேஸ்மென்ட் கொஞ்சம்தான் சார். டிஸ்டன்ஸ்தான் ஜாஸ்தியாயிடுத்து."

பேனா நின்றது. "அப்படின்னா?"

சொன்னாள். சூலம், லஸ், மௌப்ரீஸ் ரோடு எல்லாவற்றையும் சொன்னாள். பெரியப்பா திரும்பி உட்கார்ந்த இடம் வந்ததும் பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவர் திரும்பி உட்கார்ந்ததாலே டிஸ்ப்ளேஸ்மென்ட் மாறித்தா?"

"இல்லை சார். கிழக்கேதான்."

"அவர்கிட்டே சொன்னியா?"

"இல்லை சார்."

"சொல்லிடாதே." இன்னும் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் வந்தன. "போம்மா. அடுத்த வருஷம் உன்னை இங்கே பார்க்கமாட்டேன்."

வெளியே உச்சி வெயிலில், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், அங்கவஸ்திரத்தைத் தலையில் போட்டுக்கொண்டு பெரியப்பா நின்றிருந்தார். உதடு ஏதோ ஸ்லோகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பதிவு ஆபீஸ் குரலைக் காணோம். நீரஜா நடைபாதையிலேயே நமஸ்காரம் பண்ணினாள்.

"உங்களாலதான் பெரியப்பா."

அதில் குறும்பு ஒரு துளியும் இல்லை. வீட்டில் அத்தனை பேர் இருக்க, அவளுக்காக வெயிலில் நின்றவர் அவர் ஒருவர்தான்.

உடனே குரல் திரும்பிவிட்டது. "பின்னே? மேற்கே கிளம்பினதோட பலன்னா இது!"

"ஆமாம் பெரியப்பா." அதுவும் சத்தியம்தான்.

"அப்ப குல்ஷனுக்கு இன்னா பாப்பா?" என்றான் பீர் முஹம்மது. அவள் குதிரையின் வியர்த்த கழுத்தைத் தடவிக்கொடுத்தாள்.

"வூட்டுக்கு நேரா போலாமா சாமி, இல்ல அடையாறு சுத்தணுமா?"

"நேரா போப்பா. மேற்கே தோஷமில்லை" என்று, இந்தத் தடவை முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தார் பெரியப்பா.

வீட்டு வாசலில் இறங்கும்போது நீரஜா கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணக்குப்படி அன்று அவர்கள் எங்கேயும் போயிருக்கவே இல்லை. அதைப் பெரியப்பாவிடம் சொல்லாமல், அவருக்குக் காபி கலக்க உள்ளே போனாள்.