நாலில் ஒன்று

சேத்தூர்ப் பக்கத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு ஜூன் மாதம் தொடுதிரை டேப் வந்தது, பிள்ளைக்கு ஒன்றாக. கேள்வி வரும், கீழே நாலு விடைகள் வரும். சரியானதைத் தொட்டால் மணி அடிக்கும். அரையாண்டுக்குள் ஒன்றியத்திலேயே அந்த வகுப்புதான் முதலிடம். ஆசிரியை மாரிக்கனிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். வகுப்பில் சண்டையும் கூச்சலும் அடியோடு நின்றுபோயிருந்ததை அவள் நல்லதென்றே நினைத்தாள்.

ஜனவரியில் ஒருநாள் இடைவேளை முடிந்து வந்த யுவராணியின் கணுக்கால் வீங்கியிருந்தது. இரண்டு புள்ளிகளில் ரத்தம் கசிந்தது.

"ஏட்டி, என்ன கடிச்சது?"

யுவராணி அழவில்லை. மாரிக்கனியின் முகத்துக்குக் கீழே, வெறும் காற்றில் எதையோ தேடினாள். கூடப் போன பிள்ளைகளைக் கேட்டால், அவர்களும் அப்படியே பார்த்தார்கள்.

ஆட்டோ பிடித்து ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டரம்மாவும் அதையே கேட்டார். யுவராணியின் கண் அவர் முகத்துக்குக் கீழேயும் எதையோ தேடியது. மாரிக்கனிக்கு ஏதோ தோன்றியது.

"பாம்பா, தேளா, பூரானா?"

"மூணாவது," என்றாள் யுவராணி சட்டென்று.

பூரான்தான் என்று மாரிக்கனிக்கு மூச்சு வந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வரிசையை மாற்றினார். "பூரானா, தேளா, பாம்பா?"

"மூணாவது."

அதே குரல். சொல்லிவிட்டு, எங்கிருந்தோ மணி அடிக்கப்போவதுபோல யுவராணி காதைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள்.



"இத நம்ப முடியாது. ரத்தம் எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்போம்," என்றார் டாக்டர்.

சாயங்காலம் வீக்கம் வடிந்தது, விஷம் ஏறவில்லை. கடித்தது என்னவென்று கடைசிவரை தெரியவில்லை.

மறுநாள் மாரிக்கனி டேப்களைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். தலைமையாசிரியர் ஞானதுரை பதறினார். "முழுப்பரீட்சை வருது டீச்சர். மார்க்கு எறங்கிரும்."

"எறங்கட்டும் சார். கடிச்சது என்னன்னு ஒரு பிள்ளைக்குச் சொல்லத் தெரியல."

வகுப்புக்குப் போய், "காலையில வீட்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். இருபத்துமூன்று விரல்கள் வெறும் மேசைப் பலகையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தன. நாலு விடை சொல்லிவிடலாமா என்று நாக்கு வரை வந்ததை விழுங்கிக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும். நாலாம் நாள், கடைசி வரிசையில் ஜூடி வாயைத் திறந்தாள்.

"கேஸு தீந்துபோச்சு டீச்சர். இட்லி பாதி வெந்துச்சு, பாதி வேகல."

மாரிக்கனி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"பொறவு?" என்றாள்.