தேதி மேல் வைத்த பொட்டு

ஆயுத பூசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது சாமி அலமாரியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றொன்பதாம் வருசம். முருகன் படத்துக்குப் பின்னால்தான் எங்கள் மினி லாரியின் காகிதங்கள் இருக்கும். ஆர்.சி. புத்தகம், பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் வருசா வருசம் சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டி அங்கேயே செருகிவிடுவார் என் வீட்டுக்காரர் சாமித்துரை. வண்டியில் கிடப்பது வெறும் ஜெராக்ஸ். பொட்டு வைத்த இடமெல்லாம் அதில் கறுப்பாக அப்பியிருக்கும். கேட்டால், போலீசும் சாமி கும்பிடுகிறவன்தானே என்பார். வாய் மட்டும் இல்லையென்றால் அந்த மனுசனை என்றைக்கோ நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

இன்சூரன்ஸ் தாளில் துணி பட்டதும் காய்ந்த சந்தனம் பொருக்காகப் பெயர்ந்து வந்தது. அடியில் தேதி. முடிந்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. தீபாவளி வரைக்கும் கவலையே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர், சரியாக அந்தத் தேதி மேலேயே பொட்டை வைத்திருக்கிறார்.

எதிர்வீட்டு மாரிசெல்வியின் புருசனைப் போன வருசம் அடித்தது இன்சூரன்ஸ் இல்லாத வண்டிதான். வண்டிக்காரர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதார். அழுவதைத் தவிர கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. இப்போது மாரிசெல்வி தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறாள். அவன் ஒற்றைக் காலோடு வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறான்.

இவர் அன்றைக்குக் கோவில்பட்டியில் தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போக வேண்டும். எட்டயபுரம் ரோட்டில் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போவார். செல்போனெல்லாம் எங்கள் பக்கம் வராத காலம். தாளை எடுத்துக்கொண்டு, கட்டின சேலையோடு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். ஒரு உடைமரத்தைத் தவிர ஒதுங்க நிழல் கிடையாது. ஏற்கெனவே தாண்டிப் போயிருப்பாரோ என்று ரோட்டோரம் போய்ப் போய் எட்டிப் பார்த்தேன். தூரத்தில் தெரிந்த ஒவ்வொரு வண்டியும் கிட்டே வந்ததும் வேறு வண்டியாகிப் போனது. ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் திட்டினேன்.

பதினோரு மணிக்கு வந்தார். நடுரோட்டில் போய் நின்று கையைக் காட்டினேன். கிறுக்குப் பிடித்திருக்கிறதா என்று கத்திக்கொண்டே ஓரங்கட்டினார். தாளை நீட்டினேன். பார்த்தார்; தலையைச் சொறிந்தார். இந்த ஒரு நடை போய்விட்டு வந்து போட்டுக்கொள்ளலாம், கழுகுமலை முருகன் பார்த்துக்கொள்வான் என்றார்.

"முருகன் ஒங்களப் பாத்துக்கிடுவாரு. நீங்க யாரையாச்சும் இடிச்சிட்டா அந்த வீட்ட யாரு பாப்பா?"

இன்ஜினை அணைத்தார்.

"காலைல லோடு ஏத்தப் போகையில ஒரு ஆட்டுக்காரரு குறுக்க வந்துட்டாருட்டி" என்றார் மெதுவாக. "அரைச் சாண்ல தப்புனாரு. அதுக்கப்புறம் உருட்டிக்கிட்டுத்தான் வாரேன்."

சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, இன்சூரன்ஸ் போட எதிரே வந்த கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினார். லோடுக்குக் காவலாக நான் வண்டியிலேயே உட்கார்ந்தேன். அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. சாவியை நீட்டின அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டோமே என்றும் இருந்தது.

மூன்று மணிக்கு இன்சூரன்ஸ் ஏஜென்ட் பூவனநாதன் அண்ணாச்சியின் ஸ்கூட்டரில், பின்னால் உட்கார்ந்து இவர் வந்து சேர்ந்தார். வண்டியைக் கண்ணால் பார்க்காமல் எழுத மாட்டேன் என்று அண்ணாச்சி கிளம்பி வந்துவிட்டாராம். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து, சட்டத்தில் பொறித்திருந்த சேசிஸ் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். பிறகு பானெட்டில் வைத்தே புது இன்சூரன்ஸ் தாளை எழுதி, தேதியும் மணியும் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

நான் இறங்கிச் சாவியைக் கொடுக்க, இவர் வண்டியில் ஏறினார். பழக்கதோசம், கை தானாகவே முன்னாலிருந்த குங்குமச் சிமிழுக்குப் போனது. விரலில் தொட்டுத் தாளுக்குக் கிட்டே கொண்டுபோய்விட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் விரல் நின்றது. தேதியை ஒருதரம் வாசித்தார். அப்புறம் ஜன்னல் வழியே எட்டி, வேர்த்து வழிந்த என் நெற்றியில் அந்தக் குங்குமத்தை வைத்தார். அண்ணாச்சி ஸ்கூட்டரைத் திருப்புவதில் மும்முரமாகிவிட்டார்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். ரோட்டில் ஒரு ஆடுகூட இல்லை. அவர் எப்போதும் வேகம் குறைக்காமல் திரும்புகிற வளைவு வர இன்னும் தூரம் இருந்தது. அதற்குள் பின்னால் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது.