பூட்டிக் கிடந்த வீடுகள்

கழிவுக்குழிகளின் இரும்பு மூடிகளைத் தூக்கித் தூக்கிக் கோசலாவின் இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து ஒரு வாய் தேத்தண்ணிகூட இல்லை. ஒழுங்கையின், அந்தச் சிறு தெருவின், கடைசிக் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். மலத்தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. ஏறிக்கொண்டிருந்தது.

ஊர்காவற்றுறையில் இந்த ஒழுங்கைக்குக் கழிவுக்குழாய் போட்டு ஒரு வருசம் ஆகவில்லை. எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர், எந்த அளவுக் குழாய் என்று கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொன்ன பொறியியலாளர் கோசலாதான். பூட்டிக் கிடந்த வீடுகளுக்கெல்லாம் ஆளில்லை என்று சைபர் போட்டிருந்தாள். இப்போது நயினாதீவுத் திருவிழா. கனடாச் சனமும் பிரான்ஸ் சனமும் வந்து இறங்க, பூட்டுகளெல்லாம் திறந்துவிட்டன. பக்கத்து ஊரான சரவணையில் அவளுடைய பெரியம்மா வீடும் திருவிழாவுக்குத் திறக்கிற வீடுதான். அது தெரிந்தும் போட்டது சைபர்.

குழி பொங்கினால் பள்ளத்தில் இருக்கும் றஞ்சனியின் வளவுக்குள்தான் பாயும். ஒழுங்கையில் உப்பில்லாத கிணறு அங்கே மட்டும்தான். அந்தத் தண்ணீரில் இடியப்பம் அவித்து விற்றுத்தான் றஞ்சனியின் வீட்டில் அடுப்பெரிகிறது.

கழிவு உறிஞ்சும் பவுசர் லொறிக்காரனுக்கு மறுபடி போன் எடுத்தாள்.

"பண்ணைப் பாலத்தில நிக்கிறன் மிஸ். தேருக்குப் போற சனம். அசைய ஏலாது."

முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஆழ்வாப்பிள்ளை தோளில் துவாயோடு வந்தார்.

"அண்ணை, பின்னேரம் வரைக்கும் ஒருத்தரும் தண்ணி ஊத்தாதேங்கோ. குழி நிரம்பீட்டுது."

"பிள்ளை, ரொறன்ரோவில இருந்து பிளேன் ஏறினது கக்கூசுக்குப் போகாமல் இருக்கவோ?"

உள்ளே சிரித்தார்கள்.

"றஞ்சனியக்கான்ரை கிணறு பழுதாகப் போகுது, அண்ணை."

"நான் ஒராள் நிப்பாட்டி என்ன? மற்ற வீடுகளுக்கும் சொல்லும்."

கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மற்ற வீடுகளிலும் அதே பதில்தான், சிரிப்பு மட்டும் இல்லை.

றஞ்சனி உரப்பையில் மண் அள்ளிக் கிணற்றைச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். கோசலாவும் ஒரு பையை இழுத்தாள்.

"விடும் பிள்ளை, உமக்கு ஏலாது." பையை வாங்கிய றஞ்சனி சொன்னாள்: "பூட்டின வீடுகளின்ரை திறப்புகள் என்னட்டைத்தான் கிடந்தது. நீர் பேப்பரோட வந்து கேக்க, வரிக்காரர் எண்டு நினைச்சு ஒருத்தரும் வாறேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

"திருவிழாவுக்கு வருவினம் எண்டு எனக்குத் தெரியும்தானே, அக்கா."

அந்த நேரம் குழியின் மூடி ஆடியது. கறுப்புத் தண்ணீர் வழிந்து, ஒழுங்கையின் சரிவில் இறங்கி, மண்பைகளில் முட்டி நின்றது. பைகள் தாங்கின. தீவு நிலம் சுண்ணக்கல், துளை துளையாக இருக்கும். தண்ணீர் பைகளைத் தாண்டவே இல்லை, கீழால் போனது.

பவுசர் வந்து உறிஞ்சி முடித்த பிறகு றஞ்சனி வாளியை இறக்கினாள். இழுத்து முகர்ந்து பார்த்தாள். ஊற்றவில்லை, அப்படியே கிணற்றுக்கட்டின் மேல் வைத்தாள்.

"நாளைக்கு மாக் குழைக்க எனக்குத் தண்ணி?"

கோசலா றஞ்சனிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஒரு கிணறு நல்ல தண்ணீர்.