மெஷின் நிற்கும் நேரம்

தேர்வறையில் சத்தமே வரக்கூடாது என்று விதி போட்டவர் எவரோ, அவர் எங்கள் வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அப்பாவின் நுரையீரல் கெட்டுப்போய் இரண்டு வருடமாகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் பாடம் படிப்பேன். உறுமல் கேட்கிறவரை புத்தகம். கரண்ட் போய் உறுமல் நின்றால் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடி, மூலையில் நிற்கும் சிலிண்டரைத் திறந்து, குழாயை மாற்றி மாட்ட வேண்டும். தாமதித்தால் அப்பாவின் உதடு நீலமாகிவிடும். ஒருமுறை அதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

இப்படிப் பழகிய உடம்புக்கு, சத்தம் இல்லையென்றால் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அர்த்தம். தேர்வறையில் எல்லோரும் தலையைக் குனிந்ததும் அந்த அமைதி என் காதை அடைக்கும். கால் தானாக வாசலுக்குத் திரும்பிவிடும். போன தேர்வில் விடைத்தாளைப் பாதியில் போட்டுவிட்டு வீடுவரை ஓடினேன். அங்கே அப்பா, துணைக்கு எங்களோடு இருக்கும் அத்தையோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். வகுப்பில் எனக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன், வேறென்ன செய்ய? மறுதேர்விலும் ஓடினால் படிப்பு அவ்வளவுதான் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார்.

மாணவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஒரு மேடம் புதிதாக வந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. எடுத்த எடுப்பில் ஓர் அச்சடித்த தாளை நீட்டினார். நேர அட்டவணை போடுங்கள், போனை அணைத்து வையுங்கள், அமைதியான இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

"அமைதியா இருந்தா எனக்கு உயிரே போயிடும் மேடம்," என்றேன். எரிச்சலில் ஆரம்பித்த பேச்சு அழுகையில் போய் முடிந்தது. மெஷின், சிலிண்டர், நீல உதடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் தாளைக் கவிழ்த்து வைத்தார். "அப்ப உனக்குச் சத்தம்தான் வேணும், இல்ல?"

முதல்வர் அறையில் அவர் போட்ட சண்டை வராந்தாவரை கேட்டது. கடைசியில், உயிரியல் ஆய்வகத்தில் பெரிய ஃப்ரீசர் ஓடும் மூலையில் நான் தனியாக எழுதலாம் என்று அனுமதி கிடைத்தது. மேற்பார்வைக்கு மேடமே உட்காருவார். வீட்டில் அத்தையைப் பிடித்து, சிலிண்டரைத் திறக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

"எனக்குக் கை நடுங்கும்டி. எக்குத்தப்பா ஏதாவது ஆச்சுன்னா?"

"நடுங்குற கையாலயே திறங்க அத்தை. எனக்கும் நடுங்கத்தான் செய்யும்."

தேர்வன்று ஃப்ரீசர் நன்றாகவே உறுமியது. பேனா மளமளவென்று ஓடியது. மூன்றாவது கேள்வியில் இருந்தபோது உறுமல் டக்கென்று நின்றது. உள்ளே குளிர் போதுமான அளவு ஏறிவிட்டால் ஃப்ரீசர் தானாக நின்றுவிடும். இது ஊருக்கே தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும்தான் தோன்றாமல் போயிற்று.

நீல உதடு கண்முன்னே வந்து நின்றது. எப்போது எழுந்தேனோ தெரியாது, கை கதவின் தாழ்ப்பாளில் இருந்தது.

மேடம் என்னைத் தடுக்கவில்லை. வெளுத்த முகத்தோடு ஓடிப்போய் ஃப்ரீசரின் கதவை அகலத் திறந்தார். "குளிர் வெளிய போனா திரும்ப ஓடும். ஓடும்னுதான் நினைக்கிறேன். அதுவரைக்கும் நின்னுக்கிட்டாவது எழுது!"

"ஓடலைன்னா?"

"தெரியல. எனக்கும் பயமாத்தான் இருக்கு. எழுது."

திரும்பி வந்து நின்றபடியே எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை வாசலைப் பார்த்தேன். கையெழுத்து கோழிக் கிறுக்கலாகிவிட்டது. உறைந்த தவளைப் பொட்டலங்களுக்கு முன்னால் மேடம் கைகளைக் கட்டிக்கொண்டு வெடவெடத்து நின்றார். ஒருவழியாக ஃப்ரீசர் இருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கடைசி மணி அடிக்கும்வரை அவர் அந்தக் கதவைச் சாத்தவில்லை.

தாளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு விழுந்தடித்து ஓடினேன். மாடிப்படியில் கால் வைத்தபோதே தெரிந்துவிட்டது. உறுமல் இல்லை. மீதிப் படிகளை எப்படி ஏறினேன் என்று நினைவில்லை.

அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய், குழாயின் மறுமுனை சிலிண்டரில். உதட்டைத்தான் முதலில் பார்த்தேன். நீலம் இல்லை. அத்தை சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நீ போன கொஞ்ச நேரத்துலயே கரண்ட் போச்சுடி. இன்னும் வரல," என்றார். "நானே திறந்துட்டேன். நடுங்கிக்கிட்டேதான்."

ஆக, நான் பயந்தது வீண் பயமில்லை. தவளைகளுக்கு முன்னால் நான் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே உண்மையிலேயே மெஷின் நின்றிருக்கிறது. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பயந்துட்டீங்களாப்பா?"

"ரொம்ப," என்றார், மூச்சை இழுத்து இழுத்து. "மெஷின் நின்னதுல இருந்து வாசலையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"நான் வரணும்னா?"

"இல்லம்மா. வந்துடுவியோன்னு."