மேற்படி பொருள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது ஒட்டுக்கேட்ட கதை. அந்தமானில், ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் படகு டிக்கெட்டுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் வெளியே வராமல் தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. ஒரே ஒரு வாக்கியம்தான் முழுதாகக் காதில் விழுந்தது.

"அத மாட்டிக்கிட்டுத்தான்டி பொங்கப் பானைய எறக்குனாரு!"

அதற்குள் கவுண்டர் திறந்தது, வரிசை நகர்ந்தது, அவர்கள் போய்விட்டார்கள். 'அது' எது என்று எனக்குப் புரிந்துவிட்டது. பெண்கள் அந்த மாதிரிச் சிரிப்பது இரண்டு மூன்று விஷயங்களுக்குத்தான். பானையை இறக்கியவர் யார், ஏன் அதைப் போய் மாட்டிக்கொண்டார் என்பதெல்லாம் தெரியாது. படகு அன்று இரண்டு மணி நேரம் தாமதம். அந்த நேரத்தில் மீதியை நானே கட்டிவிட்டேன்.

2

எங்கே தொடங்குவது? முதலில் இப்படி எழுதினேன்:

அந்தமான் கடலின் நீலம் விஜயகுமாரியின் கண்களில் —

அடித்துவிட்டேன். அங்கே இருப்பவர்கள் கடலின் நிறத்தைப் பார்ப்பதில்லை. கப்பல் வந்துவிட்டதா என்றுதான் பார்ப்பார்கள். பிறகு:

மாதவிடாய் என்பது இயற்கையான உடல் நிகழ்வு. இதில் வெட்கப்பட —

இது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்ட வேண்டியது. மூன்றாவதாக வந்தது:

விஜயகுமாரி கடைக்குப் போனாள். கடையில் இல்லை.

இது நிற்கும். 2013, மழைக்காலத்தின் கடைசி. புயல் எச்சரிக்கையால் மெயின்லேண்டிலிருந்து பதினோரு நாளாகக் கப்பல் வரவில்லை. விஜயகுமாரிக்கு முப்பத்தாறு வயது. கணவன் சிவஞானம் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் எஞ்சின் அறை ஊழியன். மாதத்தில் பாதி நாள் தண்ணீரில் இருப்பான். வீடு லம்பா லைனில் ஓர் ஊழியர் குடியிருப்பு. (எந்தக் குடியிருப்பு என்று சொல்ல மாட்டேன். யாராவது போய் அங்குள்ள சங்கச் செயலாளரைப் பார்த்துச் சிரித்துவைத்தால் பாவம் எனக்கு.)

"ஜஹாஜ் நஹீ ஆயா, தீதி" என்றார் கடைக்காரர். கப்பல் வரவில்லையாம். வெங்காயமும் இல்லை. ஆனால் வெங்காயம் இல்லை என்பதை உரக்கச் சொன்னார். இதை மட்டும் தராசின் மேல் குனிந்து ரகசியமாகச் சொன்னார். மூன்று கடையிலும் அதே குனிவு, அதே ரகசியம்.

வீட்டில் மகள் அகிலா, ஒன்பதாம் வகுப்பு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கணக்குப் பரீட்சை. விஜயகுமாரி பெட்டியைத் திறந்து ஒரு பருத்திச் சேலையை எடுத்தாள். பல்லால் கடித்து முனையைக் கிழித்தாள்.

"ஐயே, துணியா? அதெல்லாம் அந்தக் காலம்மா!"

"ஜஹாஜ் வராட்டி எல்லாம் அந்தக் காலந்தான். காலைத் தூக்கு."

3

[இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். சிரிக்க வந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். போகாமல் இருந்தால் நல்லது.]

விஜயகுமாரி கச்சால் தீவில் வளர்ந்தவள். இலங்கைத் தேயிலை மலையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அவள் பெற்றோரை அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேற்றினார்கள். சுனாமி வந்த காலையில் அவள் மேட்டுப் பக்கம் ஓடிப் பிழைத்தாள். இடுப்பில் ஐந்து வயது அகிலா, உடம்பில் உடுத்த துணி. அவ்வளவுதான்.

முகாமில் மூன்றாம் நாள் அவளுக்கு வந்துவிட்டது. நிவாரண மூட்டையைப் பிரித்தபோது மற்றவர்கள் போர்வை தேடினார்கள், அவள் பருத்தியைத் தேடினாள். எல்லாம் நைலான் சேலை. யாரோ நல்ல மனதோடு கொடுத்த, பளபளப்பான, ஒரு சொட்டையும் உறிஞ்சாத சேலைகள். பிறகு அட்டைப்பெட்டியில் நாப்கின் வந்தது. அதை எப்படி வைப்பது என்று சொல்லித்தர ஒரு பெண் வந்தாள். எங்கே போடுவது என்று யாரும் சொல்லவில்லை. புதைக்கலாமென்றால் தோண்டிய இடமெல்லாம் உப்புத் தண்ணீர் ஊறியது. எரிக்கலாமென்றால் அடுப்புக்கே விறகு ஈரம். நனைந்ததைக் காகிதத்தில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு பகல் முழுவதும் முகாமைச் சுற்றி நடந்தாள் விஜயகுமாரி. அழுகை வரவில்லை. செத்தவர்களைப் புதைக்க இடம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில், இதற்கு இடம் தேடுகிறோமே என்று கூச்சமாக இருந்தது.

(இந்தப் பத்தியை இரண்டு முறை நீக்கினேன். அது இல்லாமல் கதை குதித்து ஓடியது. ஆனால் விஜயகுமாரி யாரென்றே தெரியவில்லை.)

4

கப்பல் வந்தது, கடையிலும் வந்தது. வாங்கினார்கள். அடுத்த மாதம் குடியிருப்பின் கழிவுத் தொட்டி நிரம்பி வழிந்தது. மூடியைத் திறந்து பார்த்தவர் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ராஜமாணிக்கம். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர், சிவகங்கைப் பக்கத்துக்காரர். மறுநாள் படிக்கட்டில் அவர் கையெழுத்தில் ஒரு அறிவிப்பு.

"பெண்கள் கவனத்திற்கு. மேற்படி பொருட்களைக் கழிப்பறையில் போடக் கூடாது."

மேற்படி என்றால் மேலே ஏதாவது இருக்க வேண்டும். மேலே பிள்ளையார் சுழி மட்டும்தான் இருந்தது.

இவரை வில்லனாக்க நான் மூன்று முறை முயன்றேன். முடியவில்லை. துப்புரவுக்கு ஆள் வராத அன்று, வேட்டியை மடித்துக்கட்டி முழங்கால் அளவு அசிங்கத்தில் இறங்கிக் கம்பால் குத்தி அடைப்பை எடுத்தவர் அவர்தான். அந்தச் சொல்லை எழுத வராது என்பதைத் தவிர அவர்மேல் பெரிய குற்றம் இல்லை. (ஒன்று உண்டு. வருகிறது.)

அறிவிப்பைப் படித்துவிட்டுக் கீழ்வீட்டு நர்ஸ் பானு மேலே வந்தாள். உள்ளங்கையில் மணி வடிவத்தில் ஒரு சின்ன ரப்பர்க் கோப்பை.

"இத உள்ள வச்சுக்கிட்டா எட்டு மணி நேரம் கவலை இல்லக்கா. கொட்டி, கழுவி, மறுபடி வைக்கலாம். முடிஞ்சதும் வெந்நீர்ல கொதிக்கவச்சு எடுத்து வச்சிரலாம். பல வருஷம் வரும். டியூட்டில நான் இதான்."

விஜயகுமாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கச்சால்ல ரப்பர் மரத்துக்குத்தான் கோப்பை கட்டுவோம். என்னால ஏலாது தாயே!"

இருவரும் சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. பிறகு விஜயகுமாரி சொன்னாள்: "எனக்கும் அகிலாவுக்கும் துணிதான் சரிப்படும். ஆனா பழைய மாதிரிச் சுருட்டி வைக்கிறதில்ல. ஒழுங்காத் தைச்சுப் பாக்குறேன்."

அவள் ஏற்கெனவே ரவிக்கை தைப்பவள். முதலில் தைத்தது நழுவியது. இரண்டாவதைப் பார்த்து அகிலா, "இதத் தலைக்கு வச்சுப் படுக்கலாம்மா" என்றாள். மூன்றாவது நின்றது. மேலே மெத்தென்ற பருத்தி, நடுவில் நாலு மடிப்பு, அடியில் சிவஞானத்தின் பழைய மழைக்கோட்டிலிருந்து வெட்டிய துண்டு. இரண்டு பக்கமும் இறக்கை, இறக்கையில் அழுத்து பட்டன். வெளியே ரவிக்கைத் துண்டின் பூக்கள்.

கழுவுவது பெரிய வித்தையில்லை. பச்சைத்தண்ணீரில் ஊறவைத்துச் சோப்புப் போட்டால் போகிறது. காயவைப்பதுதான் வித்தை. பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்டபோது ஈரம் போகாமல் வாடை வந்தது, அரித்தது. "வெயில்ல போடணும்க்கா, நல்ல வெயில்ல" என்று பானு கறாராகச் சொன்னாள். மழை ஓய்ந்த டிசம்பரில் மொட்டைமாடிக் கொடியில் வரிசையாகப் பூக்கள் ஆடின. அதற்குள் ஒன்பது வீட்டுப் பெண்கள் கேட்டு வாங்கியிருந்தார்கள்.

தண்ணீர்த் தொட்டி பார்க்க ஏறிய ராஜமாணிக்கம் கொடியின் முன் நின்றார்.

"என்னம்மா இது, கலர் கலரா?"

"துணி சார்."

"துணின்னு தெரியுது. எதுக்கு?"

"ஈரம் ஒத்தி எடுக்க."

(பொய்யில்லை.)

"குவார்ட்டர்ஸ்ல தையல் பிசினஸ் நடக்குதுன்னு பேச்சு வருது. பொங்கல் முடியட்டும், நான் ஆபீசுக்கு எழுதித்தான் ஆகணும். அப்புறம் உங்க வீட்டுக்காரர்தான் பதில் சொல்லணும்."

நான் சொன்ன குற்றம் இதுதான். வீடு சிவஞானத்தின் பெயரில் ஒதுக்கியது. புகார் போனால் வீடே போகலாம். ஒரு முறை வீடு போனவளுக்கு இந்த மாதிரிப் பேச்சு எப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் இறங்கிய ஐந்தாவது நிமிடம் அவர் மனைவி விசாலாட்சி மாடி ஏறி வந்தார்.

"எனக்கு ஒரு ஆறு வேணும் விஜயா. அவருக்குத் தெரிய வேணாம். பூப்போட்டதெல்லாம் வேணாம்." படி இறங்கப் போனவர் திரும்பினார். "சரி, பூப்போட்டதே இருக்கட்டும்."

5

பொங்கலன்று முற்றத்தில் சங்கத்தின் பெரிய பானை. "வீட்டுக்குத் தூரமா இருக்கிறவங்க பால்கனியில இருந்தே பார்த்துக்கலாம்" என்று முதல்நாளே சொல்லி அனுப்பியிருந்தார் ராஜமாணிக்கம். விஜயகுமாரிக்கு அன்று இரண்டாம் நாள்.

அவள் பால்கனியில் நின்று தயங்கினாள், கீழே போகலாமா என்று —

அடித்துவிட்டேன். அவள் தயங்கவில்லை. விசாலாட்சி கீழேயிருந்து, பையைக் கொண்டுவா என்று கண்ணைக் காட்டினார். இவள் புதிதாகத் தைத்த ஆறையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். கொடுத்துவிட்டு ஏறிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

கை மாறிய நொடியில் பானை பொங்கியது. "பொங்கலோ பொங்கல்!" குலவை, கைத்தட்டல், பக்கத்து வீட்டு வங்காளிப் பிள்ளைகளின் கூச்சல். புகை கண்ணைக் கரிக்க ராஜமாணிக்கம் கத்தினார்:

"எறக்கணும், எறக்கணும்! துணி எங்க? துணி குடு!"

விசாலாட்சி அசையவில்லை. அவரே கையை நீட்டி, மனைவியின் பைக்குள் விட்டு, மெத்தென்று அகப்பட்ட இரண்டை உருவினார். ஒன்றை வலது உள்ளங்கையில் வைத்தார். இறக்கைகள் புறங்கையைச் சுற்றி மடங்கின. பட்டன் 'டிக்' என்று விழுந்தது.

"அட!" என்றார். இடது கை. 'டிக்.'

பானை இறங்கியது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. முற்றத்தில் ஒன்பது வீட்டுப் பெண்களும் நின்றார்கள். பானு முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அகிலா பானைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். விசாலாட்சி சூரியனைப் பார்த்துக் கும்பிட்டபடியே நின்றார். கண்ணைத் திறக்கவே இல்லை.

ராஜமாணிக்கம் இரண்டு கையையும் உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார். ஒன்றில் மஞ்சள் பூ, ஒன்றில் ஊதாப் பூ.

"பாத்தீங்களா? சூடே ஏறல. கைய விட்டு நழுவவும் இல்ல. எத்தன வருசமாப் பழைய வேட்டியக் கிழிச்சுப் புடிச்சுக் கையச் சுட்டுக்கிட்டிருக்கோம்! யார் தைச்சது?"

விஜயகுமாரி முன்னால் வந்தாள்.

"நான்தான் சார்."

"மாடியில காஞ்சுதே, அதுவா?"

"அதே மாதிரிதான். இது புதுசு."

"மூளை வேணும்மா இதுக்கு" என்றார் அவர், உண்மையான மரியாதையோடு.

(அந்த நிமிடம் விஜயகுமாரிக்குச் சிரிப்பு வந்ததா? டிக்கெட் வரிசையில் குலுங்கிய தோளை வைத்துப் பார்த்தால் வந்திருக்க வேண்டும். ஆனால் என் விஜயகுமாரி சிரிக்கவில்லை, நிமிர்ந்து நின்றாள். அவள் கைவேலையை ஓர் ஆள் கூட்டத்தின் நடுவே தூக்கிக் காட்டியது அதுதான் முதல் முறை.)

6

மூன்றாம் நாள் அகிலா கையில் ஒரு கடிதம் வந்தது. சங்கத்தின் தாளில், வட்ட முத்திரையோடு.

"நமது சமையற்கூட உபயோகத்திற்காக, தாங்கள் இல்லத்தில் தைத்துவரும் கைப்பிடித் துணிகள் பன்னிரண்டு, பொங்கலன்று கண்ட அதே மாதிரியில், தைத்துத் தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

விஜயகுமாரி இரண்டு முறை படித்தாள். பானு நாலு முறை படித்தாள், ஒவ்வொரு முறையும் கட்டிலில் விழுந்து சிரித்தாள். பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. வீட்டில் தைக்கிறாள் என்று புகார் எழுதவிருந்த கை, வீட்டில் தைத்துத் தரும்படி எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறது. இனி எந்த ஆபீசுக்கு எழுதுவார்?

"இந்தக் காகிதத்தப் பத்திரமா வைங்கக்கா" என்றாள் பானு.

விஜயகுமாரி அதை அரிசிப் பானைக்குள் வைத்தாள்.

7

இப்போது முடிவு. கையில் மூன்று இருக்கிறது.

முதல் முடிவில் அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அவர் முகம் வெளுக்கிறது, பிறகு மனம் திருந்துகிறது, படிக்கட்டு அறிவிப்பில் சரியான சொல்லை எழுதுகிறார். எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அந்த வயதில் மனிதர் மூன்று நாள் சாப்பிடாமல் கிடப்பார், பிறகு புகாரையும் எழுதுவார்.

இரண்டாவதில், அவள் சும்மா சதுரமாகப் பன்னிரண்டு கைப்பிடித் துணி தைத்துத் தருகிறாள். எல்லோருக்கும் நிம்மதி. விசாலாட்சிக்கு மட்டும் பெரிய ஏமாற்றம். "இவ்வளவுதானா?" என்கிறார். அவரோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

மூன்றாவதில் அச்சு அசலாக அதே பன்னிரண்டு. சங்கத்தின் எல்லா விசேஷத்திலும் ஆண்கள் கையில் பூ. பெண்கள் ஆயுள் முழுக்க உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் அவள் இடத்திலிருந்து ஒன்றை யோசிக்கிறேன். தன் கைவேலையைப் பார்த்து ஊரே சிரிக்க வேண்டும் என்று அவள் விரும்புவாளா? சூடு தாங்கியது, நழுவவில்லை என்று அவர் சொன்னதில் பரிகாசம் இல்லையே.

நான் தீர்மானிக்காமலே அவள் தைக்கத் தொடங்கிவிட்டாள். பகல் பதினொரு மணி, ஜன்னல் வழியாக நல்ல வெயில். மேசைமேல் பன்னிரண்டும் இறக்கை விரித்துக் கிடக்கின்றன. இதுவரை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம்: இறக்கையை வெட்டிவிட்டால் வெறும் கைப்பிடித் துணி, பட்டன் வைத்தால் அச்சு அசலாக அதே. அகிலா பட்டன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறாள்:

"அம்மா, இதுக்கும் பட்டன் வைக்கணுமா?"

விஜயகுமாரி தையல் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்கிறாள். மகளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நேராக உங்களைப் பார்க்கிறாள்.

சொல்லுங்கள், வைக்கணுமா?