மூன்று டொக்

பத்தொன்பது வருஷமாக வெர்னாவின் வலது கட்டைவிரலுக்கு ஒரே வேலைதான்: கத்துகிற மணியின் வாயை அடைப்பது.

முதியோர் இல்லத்தில் கட்டிலுக்கு ஒரு மணி, நாற்காலிக்கு ஒரு மணி, கதவுக்கு ஒரு மணி. எந்தக் கிழவர் எழுந்தாலும் கத்தும், புரண்டாலும் கத்தும், தும்மினாலும் கத்தும். கத்தினால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவனுக்கென்ன, அவனா ஓடப்போகிறான்? ஒரு நாளைக்கு இருநூறு தடவை கத்தினால் விரல்தான் முதலில் பொத்தானுக்குப் போகும். கால் அப்புறம் போகும், கண் கடைசியில் போய்ச் சேரும். முப்பத்திரண்டு பேருக்கு ஒருத்தி என்றால் கடவுளே நர்ஸ் உடுப்பு மாட்டிக்கொண்டு வந்தாலும் அப்படித்தான் செய்வார்.

அவள் எல்.பி.என். நர்ஸ். அதாவது ஒரு வருஷப் படிப்பு. பெரிய நர்ஸுக்குக் கீழே, உதவியாளுக்கு மேலே, இரண்டு பக்கத்துத் திட்டும் வந்து விழுகிற இடத்தில் நிற்பவள். அந்தப் படிப்புக்கு முதியோர் இல்லத்தை விட்டால் போக்கிடம் இல்லை என்றுதான் ஈரி நகரத்தில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் நர்ஸுகளின் சாப்பாட்டு அறையில் காலி நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே வந்தன. ஒருத்தி சிறைச்சாலைக்குப் போனாள். "இங்கத்த மேலாளரைவிட அங்க கைதிங்க மரியாதையா பேசுறாங்கடி" என்று செய்தி அனுப்பினாள். ஒருத்தி ரத்ததான வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போனாள். இன்னொருத்தி சிறுநீரகச் சுத்திகரிப்பு மையத்தில் சேர்ந்துவிட்டாள். இன்னொருத்தி வீட்டிலிருந்தபடியே காப்பீட்டுக் கம்பெனிக்காக நோயாளிகளிடம் ஃபோனில் பேசினாள்; செருப்புகூடப் போடுவதில்லையாம். வெர்னா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நாற்பத்தாறு வயதில் ஜனவரி மாதத்துப் பனியில் அவள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளத் தேர்ந்தெடுத்தது ஒரு குழந்தையை. ஒரே ஒரு குழந்தை.

ட்ரூடிக்கு ஆறு வயது. பிறக்கும்போதே தொண்டைக்குள் வழி குறுகல். கழுத்தில் பட்டாணி அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு, அதில் சின்ன வளைந்த குழாய் வைத்திருந்தார்கள். மூச்சு அதன் வழியாகத்தான். காற்று மேலே ஏறுவதில்லை என்பதால் குரலும் கிடையாது. கூடவே நர்ஸ் இருந்தால்தான் பள்ளிக்கூடப் பேருந்தில் ஏற்றுவோம் என்பது பள்ளியின் விதி. வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் ஏஜென்சி மூன்று பேரை அனுப்பியது. அம்மா டார்சி நம்பிக்கை வராமல் மூன்று பேரையும் வாசலோடு திருப்பிவிட்டாள். ஆகையால் தினமும் காலை எட்டு மணிக்கு மஞ்சள் பேருந்து தெருவில் போகும். ட்ரூடி ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டு அது திரும்பும் வரை பார்ப்பாள். வெர்னா நாலாவது ஆள்.

முதல் நாள் டார்சி குழாய் மாற்றிக் காட்டினாள். ஒரு தோளில் ஃபோனை இடுக்கிக்கொண்டு, மருந்துக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டே பழைய குழாயை உருவினாள், புதியதைச் செருகினாள், நாடாவைக் கட்டினாள். முழுதாகப் பத்து விநாடிகூட ஆகவில்லை. வெர்னாவும் பயிற்சியில் மாற்றியிருக்கிறாள்தான், ரப்பர் பொம்மைக்கும், ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸ் பக்கத்தில் நிற்க ஒரு நோயாளிக்கும். இப்படி ஒரு கையை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. "அடேங்கப்பா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"ஆச்சரியப்படாதீங்க. ஆறு வருஷமா இதே பொழப்பு," என்றாள் டார்சி. "விரலை இங்க வைங்க."

வெர்னா குழாயின் வாய்க்கு நேரே விரலை நீட்டினாள். சூடாக, ஈரமாக, ஒரு மூச்சு. அப்புறம் இன்னொன்று. உயிர் என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, அது இதோ இந்தக் கட்டைவிரல் நீளக் குழாய்க்குள் போய்ப் போய் வருகிறது! அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ட்ரூடி நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்தாள். *டொக்.*

"ஒரு டொக்னா ‘ஆமா’. ரெண்டு டொக்னா ‘வா, சளியை எடு’. மூணு டொக்னா ‘நீ போ’." டார்சி மகளை ஒரு பார்வை பார்த்தாள். "மூணாவதுதான் அம்மாவுக்கு அடிக்கடி கிடைக்கும்."

*டொக்,* என்றாள் ட்ரூடி.

இரண்டாம் நாள் தப்பு நடந்தது. ட்ரூடியின் கால்விரலில் மாட்டிய கம்பியிலிருந்து ஒரு சின்னப் பெட்டிக்கு ரத்தத்தின் பிராணவாயு அளவு போகும்; குறைந்தால் பெட்டி கத்தும். வெர்னா மருந்து அளந்துகொண்டிருந்தாள். பெட்டி கத்தியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை தானாக நீண்டு, கட்டைவிரல் பொத்தானை அமுக்கியது. அமைதி. மருந்து அளப்பது தொடர்ந்தது.

வாசலில் நின்ற டார்சியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துப்போனது.

"என்ன பண்ணீங்க இப்ப?"

வெர்னாவுக்கு முதலில் விளங்கவே இல்லை. குழந்தையைப் பார்த்தாள். ட்ரூடி காலை உதைத்துக் கம்பியைக் கழற்றிவிட்டு வரைந்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டா அவள் அமுக்கினாள்?

"கம்பி கழண்டிருக்கு..."

"அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா? பாத்தீங்களா? மணி வாயை மூடிட்டா எம்பொண்ணு மூச்சு விட்டுருவாளா?" டார்சி வந்து கம்பியை மறுபடி கால்விரலில் மாட்டினாள். "உங்களுக்கு அது சத்தம். எனக்கு அது அவ குரல். அவளுக்கு வேற குரல் இல்லை."

 வெர்னாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. சாக்குச் சொல்ல அவளிடம் பத்தொன்பது வருஷக் கதை இருந்தது.

"விரலுக்குப் பழக்கமாயிடுச்சு. தப்புதான். மாத்திக்கிறேன்," என்றாள்.

 டார்சி ஜன்னல் பக்கம் பார்த்தாள். கண்ணாடியில் ட்ரூடியின் நெற்றி பட்ட இடம் வட்டமாக அழுக்காகியிருந்தது. "வெள்ளிக்கிழமை ஒரே ஒரு தடவை பஸ்ல ஏத்துறேன். நான் கார்ல பின்னாடியே வருவேன். சரியா வரலைன்னா பஸ்ஸும் வேணாம், பள்ளிக்கூடமும் வேணாம். எம்பொண்ணை நானே பாத்துக்குவேன்."

புதனும் வியாழனும் வெர்னா குழந்தையைப் பார்த்தாள். வேறு வேலையே செய்யவில்லை என்று சொல்லலாம். முப்பத்திரண்டு பேருக்குத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்த கண்ணை ஒருத்திக்கே முழுசாகக் கொடுத்தால் என்னவெல்லாம் தெரிகிறது! சிரிக்குமுன் ட்ரூடியின் இடது புருவம் ஏறும். சளி சேருமுன் மூச்சில் லேசாக ஒரு கரகரப்பு வரும், குழம்பு கொதிக்கத் தொடங்குகிற மாதிரி. மூச்சுக்குச் சிரமம் என்றால் முதலில் தெரிவது கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கிற குழியில்தான். அது உள்ளே இழுக்கும். பெட்டி இதையெல்லாம் கடைசியில்தான் தெரிந்துகொள்ளும். இத்தனை காலம் எத்தனை முகங்களைப் பார்க்காமல் மணியை மட்டும் அமுக்கினோமோ என்று நினைத்துக்கொண்டாள் வெர்னா.

வெள்ளிக்கிழமை மஞ்சள் பேருந்து முதல்முறையாக அந்த வீட்டு வாசலில் நின்றது. ஓட்டுநர் ராஸ்கோ, தொப்பை ஸ்டியரிங்கை இடிக்கிற பெரிய மனிதர். "வாங்க மகாராணி! ஒரு வருஷமா ஜன்னல்லயே பாத்து பாத்து எனக்கே வெக்கமாப் போச்சு," என்று கதவைத் திறந்தார். ட்ரூடிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முன் வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் வெர்னா, மடியில் பை: சளியை உறிஞ்சும் கருவி, மாற்றுக் குழாய், கத்தரி, பெட்டி. பின்னால் டார்சியின் நீலக் கார், அவசரத்தில் துடைத்த பனியோடு.

எதிர் இருக்கையில் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு வாண்டு. "இவ பேச மாட்டாளா?"

"பேசுவாளே. நாக்கால பேசுவா," என்றாள் வெர்னா.

*டொக்,* என்றாள் ட்ரூடி.

அவ்வளவுதான், தீ பற்றிக்கொண்டது. பொக்கைவாய் ஒரு டொக் போட்டாள், பின்னால் இருந்தவன் இரண்டு போட்டான், இரண்டு நிமிஷத்தில் முப்பது நாக்குகளும் டொக் டொக்கென்று அடித்துத் தூள் கிளப்பின.

"ஏய், இது என்ன பஸ்ஸா, குதிரை லாயமா?" என்று கத்தினார் ராஸ்கோ. யார் கேட்கிறார்கள்?

ட்ரூடியின் இடது புருவம் ஏறியிருந்தது. வெர்னா அதைப் பார்த்து மனசாரச் சிரித்தாள். பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் புருவம் இறங்கியதையும் பார்த்தாள்.

ட்ரூடியின் வாய் இரண்டு முறை அசைந்தது. டொக் டொக். முப்பது டொக்குகளில் அது எங்கே கேட்கும்? மடியில் பெட்டி தொண்ணூற்றேழு என்று பச்சையில் சிரித்துக்கொண்டிருந்தது. ஆனால் கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. தோள்கள் காதுக்கு ஏறின. வெர்னா குழாயின் வாயில் விரலை வைத்தாள்.

சூடு இல்லை. ஒன்றும் இல்லை.

"ராஸ்கோ, நிறுத்துங்க. இப்பவே!"

பேருந்து ஓரங்கட்டியது. சிவப்பு விளக்குகள் மின்னின. உறிஞ்சு குழலைக் குழாய்க்குள் விட்டாள். ஒரு விரற்கடை போய் முட்டி நின்றது. காய்ந்த குளிர்காற்றில் சளி இறுகி அடைத்துக்கொண்டுவிட்டது. பழைய இடமாக இருந்தால் இந்த நேரத்தில் பெரிய நர்ஸைக் கூப்பிட வேண்டும், ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும், வாசலைப் பார்த்து நிற்க வேண்டும். இங்கே பெரிய நர்ஸும் அவள்தான், சின்ன நர்ஸும் அவள்தான். ட்ரூடி அழவில்லை. வெர்னாவின் கண்ணையே பார்த்தாள். அம்மாவைப் பார்க்கிற மாதிரி அவ்வளவு நம்பிக்கையாக. அந்தப் பார்வையைத் தாங்குவதுதான் வெர்னாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

"இதோ ஆச்சு கண்ணு."

கத்தரி நாடாவை அறுத்தது. பழைய குழாய் வெளியே வந்தது, நுனியில் கட்டியாகச் சளி. பட்டாணி அளவு ஓட்டை வெறுமையாக நின்றது. புதுக் குழாயைச் செருகி, வழி காட்ட அதற்குள் இருந்த கம்பியை உருவினாள்.

*ஹ்ஹா.* காற்று புசுபுசுவென்று பாய்ந்தது. அவள் கையெல்லாம் ஈரச்சூடு.

அப்போதுதான், எல்லாம் முடிந்த பிறகு, பெட்டி வீறிட்டது. எண் எண்பத்தைந்து. வெர்னாவின் இரண்டு கைகளும் குழாயைப் பிடித்திருந்தன, கண் ட்ரூடியின் உதட்டில் இருந்தது. கட்டைவிரல் அசையவே இல்லை. கத்தட்டும். அது ட்ரூடியின் குரல், கத்தட்டும். எண்பத்தொன்பது, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றாறு. பெட்டி தானே வாயை மூடிக்கொண்டது. பேருந்தில் டொக் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

கதவு இடிபட்டது. டார்சி வீட்டுச் செருப்போடு பனியில் ஓடி வந்திருந்தாள். படியேறி வந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். வெர்னா கட்டி முடித்த புது நாடாவுக்கு அடியில் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு விரல்தான் நுழைய வேண்டும். ஒரு விரல்தான் நுழைந்தது. இருக்கையில் கிடந்த பழைய குழாயை எடுத்து அடைப்பைப் பார்த்தாள்.

"பெட்டி எப்ப கத்துச்சு?"

"மாத்தினதுக்கு அப்புறம்."

டார்சி அப்படியே பேருந்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கையையும் நீட்டினாள். "போதும்டா செல்லம். வா, வீட்டுக்குப் போலாம்."

 இதில் பேச வெர்னாவுக்கு என்ன உரிமை? பை வாரை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

*டொக். டொக். டொக்.*

"ட்ரூடி..."

*டொக். டொக். டொக்.* இந்த முறை கால் உதையும் சேர்ந்து வந்தது.

பொக்கைவாய் இருக்கைக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "மூணுன்னா என்ன அர்த்தம்?"

டார்சிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எது முன்னால் வந்தது என்று யாருக்கும் தெரியாது. "‘நீ போம்மா’ன்னு அர்த்தம்."

பொக்கைவாய் யோசித்தாள். பிறகு டார்சியைப் பார்த்து, பெரிய மனுஷி மாதிரி, மூன்று டொக் போட்டாள். பின் இருக்கை போட்டது. அதற்குப் பின் இருக்கை போட்டது. முப்பது நாக்குகள் ஒரே தாளத்தில், டொக், டொக், டொக். குரலே இல்லாத ஒரு பெண்ணின் பேச்சை ஒரு பேருந்து முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது. ராஸ்கோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெர்னாவுக்கு நெஞ்சு நிறைந்து கண் வழிந்தது.

டார்சி எழுந்தாள். பழைய குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். தன்னிடமிருந்த புதுக் குழாய் ஒன்றை வெர்னாவின் பையில் வைத்தாள். "இதை நான் கொதிக்க வச்சு சுத்தம் பண்ணி வைக்கிறேன்," என்றாள் வெர்னாவிடம். "திங்கக்கிழமை ரெண்டு மாத்துக் குழாயா எடுத்துக்கங்க. ஒண்ணு பத்தாது."

இறங்கிப் போனாள். கதவு மூடியது. ராஸ்கோ விளக்கை அணைத்து வண்டியை எடுத்தார். வெர்னா பின்கண்ணாடியைப் பார்த்தாள். நீலக் கார் சற்று நேரம் அங்கேயே நின்றது. பிறகு பனியில் மெதுவாக வளைந்து, வீட்டுப் பக்கம் திரும்பிப் போனது.